பையில் ஒரு துண்டு ஹெம்ப் துணி: கரிசல் பக்கம் நான்கு நாள்

நாள் 1, வியாழன், செல்லூர்

விடிவதற்குள் மதுரை ஆரப்பாளையத்தில் இறக்கிவிட்டார்கள். திருப்பூரில் ஏறியதிலிருந்து பக்கத்து இருக்கைக்காரர் போனில் பட்டிமன்றம் கேட்டுக்கொண்டே வந்தார். தூக்கம் போச்சு. பெரியம்மா வீடு செல்லூரில். காபியைக் கையில் கொடுத்துவிட்டு, "என்னடி, ஷிப்மென்ட் நேரத்துல லீவு போட்டுட்டு வந்திருக்க?" என்றார்.

பையிலிருந்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டுத் துணியை எடுத்து நீட்டினேன். "இதுக்காகத்தான் பெரியம்மா."

தடவிப் பார்த்தார். கொஞ்சம் சொரசொரப்பு, கொஞ்சம் பழுப்பு. "அடுப்புக்குக் கைப்பிடித் துணியா?"

கதை இதுதான். பனியன் கம்பெனி ஒன்றில் பதினோரு வருடமாக மெர்ச்சண்டைசர் வேலை, அதாவது ஆர்டர் பேசுவதிலிருந்து சரக்கு போகிறவரை பார்த்துக்கொள்வது. போன மாதம் ஐரோப்பாக்கார பையர் ஒருவர், எங்களிடம் துணி வாங்குகிறவர், ஒரு பக்கப் பட்டியல் அனுப்பினார். இடப்பக்கம் ஹெம்ப் (தண்டிலிருந்து நார் எடுக்கிற ஒரு செடி), வலப்பக்கம் பருத்தி. தண்ணீர், பூச்சிமருந்து, நிலம், உழைப்பு என்று வரிசையாகப் போட்டு, ஹெம்ப் பக்கம் முழுக்கப் பச்சை, பருத்திப் பக்கம் முழுக்கச் சிவப்பு. ஒரு பருத்தி டி-ஷர்ட்டுக்கு 2,700 லிட்டர் தண்ணீர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. அடுத்த சீசனிலிருந்து பருத்தியைக் குறைத்து, 55 பங்கு ஹெம்ப் 45 பங்கு பருத்தி கலந்த துணியில் சாம்பிள் வேண்டும் என்றார். நூல் சீனாவிலிருந்து வந்தது. நிட்டிங் மெஷினில் போட்டால் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை அறுந்தது. ஹெம்ப் இழை இழுத்தால் நீளாது, அறுந்துதான் போகும். ஆபரேட்டர் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.

முதலாளி, "நீ படிச்ச புள்ளதானம்மா, இதுக்கு ஒரு பக்கம் பதில் எழுது" என்று சொல்லிவிட்டார். எழுத உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கிலோ கணக்கில், டன் கணக்கில் பருத்தித் துணி என் கை வழியாகப் போயிருக்கிறது. பருத்தி எந்த மாதம் பூக்கும் என்று எனக்குத் தெரியாது. அம்மாவின் ஊர் தே.கல்லுப்பட்டிப் பக்கம், சுத்தமான கரிசல். மாமா இன்னும் பருத்தி போடுகிறார். மாசி மாதம், எடுப்பு நேரம். கிளம்பிவிட்டேன்.

சாயங்காலம் மாசி வீதிப் பக்கம் நடை. மேலமாசி வீதியில் காந்தி மேல்சட்டையைக் கழற்றிய வீடு இப்போது கதர்க் கடை. 1921 செப்டம்பர் 22, மதுரைக்காரர்களுக்குப் பாடப் புத்தகம் திறக்காமலே தெரிந்த தேதி. உள்ளே போய் ஒரு கதர்த் துண்டையும் என் ஹெம்ப் துண்டையும் பக்கத்தில் வைத்துத் தடவினேன். விற்பனைக்காரர் சந்தேகமாகப் பார்த்தார், ஒரு துண்டு வாங்கிக்கொண்டேன். அன்றைக்குக் காந்தி உடம்பில் போடும் துணியையே குறைத்தார். எங்கள் பையர் துணியைக் குறைக்கவில்லை, செடியை மாற்றச் சொல்கிறார். துணியைக் குறைப்பது பற்றி எங்கள் தொழிலில் ஒருவரும் வாய் திறக்கமாட்டோம். என் சம்பளமும் அதில்தான் இருக்கிறது.

விளக்குத்தூண் பக்கம் தள்ளுவண்டியில் பருத்திப்பால். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன்: பருத்திக்கொட்டையை ஊறவைத்து ஆட்டிப் பால் பிழிந்து, கருப்பட்டியோ வெல்லமோ போட்டுக் காய்ச்சி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, தேங்காய்ப்பூ தூவித் தருவது. தொண்டைச் சளிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது என்பார்கள். கொட்டை எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டேன். "கடையிலதான்க்கா. பஞ்சு போனபெறகு மிச்சம் வர்றதுதானே" என்றார் வண்டிக்காரர்.

மிச்சம் என்று அவர் சொன்னதுதான் எடையில் பெரும்பங்கு. செடியிலிருந்து எடுக்கிற பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் பஞ்சு, மீதி கொட்டை. மாட்டுக்குத் தீவனம், எண்ணெய், பிண்ணாக்கு, இந்த டம்ளர். என்னிடம் இருக்கும் பட்டியலில் கொட்டைக்கு ஒரு கட்டம்கூட இல்லை. ஹெம்ப் விதையையும் சாப்பிடலாம், நல்ல எண்ணெய்ச் சத்து என்கிறார்கள். ஆனால் நயமான நாருக்கு என்றால் விதை முற்றுவதற்கு முன்னாலேயே அறுத்துவிட வேண்டும். முற்ற விட்டால் நார் முரடாகிவிடும்.

இன்னொரு டம்ளர் குடித்தேன். ஆராய்ச்சிதானே.

நாள் 2, வெள்ளி, கல்லுப்பட்டிப் பக்கம்

பெரியார் பேருந்து நிலையத்தில் ஏறி திருமங்கலம், அங்கே மாறி கல்லுப்பட்டி. திருமங்கலம் தாண்டியதும் மண் கறுக்க ஆரம்பித்துவிடும். மழை பெய்தால் செருப்போடு ஒட்டிக்கொண்டு ஆளையே இழுக்கிற மண். வெயிலில் கை நுழையும் அளவுக்கு வெடிப்பு விடும். மேலே காய்ந்து கிடந்தாலும் அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கிணறு இல்லாதவனும் பருத்தி போட முடிகிறது என்றால் அது இந்த மண்ணால்தான்.

மாமா டிவிஎஸ் எக்ஸ்எல்லில் வந்து நின்றார். "வா பாப்பா. வெயில் ஏறுறதுக்குள்ள காட்டுக்குப் போயிருவோம், எடுப்பு ஆளுக வந்திருச்சு."

எடுப்பு ஏன் விடியற்காலையில் என்பதற்கு வெயில் மட்டும் காரணம் இல்லையாம். பனி ஈரம் இருக்கும்போது காய்ந்த இலையும் சருகும் நொறுங்காது. வெயில் ஏறினால் பொடிப்பொடியாக உதிர்ந்து பஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். எங்கள் மில்லில் நூலில் கறுப்புப் புள்ளி வந்தால் கத்துவோமே, அந்தப் புள்ளியின் பிறந்த இடம் இதுதான். பதினோரு வருடம் கழித்துப் பார்த்தேன்.

மாமாவுக்கு இரண்டு துண்டு நிலம். ஓடைப் பக்கம் போர்வெல் பாசனத்தில் இரண்டு ஏக்கர், கடையில் வாங்கிய பிடி (Bt) விதை, காய்ப்புழுவுக்கான நஞ்சைச் செடியே உண்டாக்கும்படி மரபணு மாற்றியது. மேட்டில் அரை ஏக்கர் மானாவாரி, அதில் கருங்கண்ணி என்கிற நாட்டுப் பருத்தி. இயற்கை விவசாயம் செய்கிற சிநேகிதர் ஒருவர் கொடுத்த விதை, நான்கு வருடமாகத் தானே எடுத்து வைத்துத் தானே விதைக்கிறார்.

இரண்டையும் பக்கத்தில் பார்த்தால் ஒரே சாதி என்று நம்புவது கஷ்டம். பிடி செடி புதர் மாதிரி. காய் பெருசு, நான்கைந்து சுளை, வெடித்தால் பஞ்சு கிண்ணத்தில் வைத்த மாதிரி நிற்கும். கருங்கண்ணி ஒல்லி. இலை விரல் விரலாகப் பிளந்திருக்கும். காய் சின்னது, பெரும்பாலும் மூன்று சுளைதான், தலை கவிழ்ந்து தொங்கும். பூ மஞ்சள், இதழின் அடியில் கருஞ்சிவப்பாக ஒரு கண். வெடித்ததை இரண்டு நாள் விட்டால் பஞ்சு கீழே விழுந்துவிடும். அதனால் இதற்கு எடுப்பு ஆள் அடிக்கடி வர வேண்டும்.

எனக்கும் ஒரு பழைய சேலையை மடியாகக் கட்டிவிட்டார்கள். "ஏந்தாயி, திருப்பூர்ல வேலை இல்லைன்னு இங்க வந்துட்டியா?" என்றார் ஒரு பாட்டி. சிரிப்பு அடங்கக் கால் மணி நேரம் ஆனது. காய்ந்த ஓட்டின் நுனி நகக்கண்ணில் ஏறும். ஒரே இழுப்பில் மூன்று சுளையும் வர வேண்டும், சருகு வரக் கூடாது. எனக்கு இரண்டு மணி நேரத்தில் அரை மடிகூட நிறையவில்லை. பாட்டி அதற்குள் இரண்டு தடவை கொட்டிவிட்டு வந்துவிட்டார், பேச்சையும் நிறுத்தவில்லை.

வேப்ப மரத்தடியில் கஞ்சி குடிக்கும்போது ஹெம்ப் துண்டைச் சுற்றில் விட்டேன். இது என்ன செடி என்று கேட்டார்கள். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சணல் என்று சொன்னால் சாக்குப்பை, அது வேறு செடி. சணப்பு என்றால் நெல்லுக்கு முன்னால் விதைத்துப் பூக்கும்போது மடக்கி உழுகிற பசுந்தாள் உரம், அதுவும் வேறு. உள்ளதைச் சொல்வோம் என்று, "கஞ்சாச் செடிதான் பாட்டி. ஆனா போதை இல்லாத ரகம்" என்றேன்.

ஒரு நிமிடம் யாரும் பேசவில்லை. பிறகு பாட்டி துணியை என் மடியிலேயே போட்டுவிட்டு, "எதுக்கும் நீயே வச்சுக்க தாயி" என்றார்.

மாமா விடவில்லை. "போதை இல்லாத கஞ்சாவா? அப்ப அதை எதுக்குப் போடணும்?" விளக்கினேன். நாருக்கான ரகத்தில் டிஎச்சி என்கிற போதைச் சத்து பேருக்குத்தான் இருக்கும். உத்தராகண்டில் உரிமம் வாங்கிப் போடலாம், 0.3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 1985ஆம் வருடப் போதைப்பொருள் சட்டத்திலேயே நாருக்கும் விதைக்கும் அரசு அனுமதி கொடுக்கலாம் என்று இடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் அந்தக் கதவு இன்னும் திறக்கவில்லை. "அப்ப ஸ்டேஷன்ல போயி, ஐயா இது பனியனுக்குன்னு சொல்லணும்" என்றார் மாமா.

சிரிப்பு முடிந்ததும் நிதானமாகக் கேட்டார். எத்தனை நாள் பயிர்? நாருக்கு 90 முதல் 120 நாள். உயரம்? உங்களைப் போல இரண்டு ஆள். களை? நெருக்கி விதைப்பதால் நிழல் கட்டிவிடும், களை தலை தூக்காது. மருந்து? பருத்தியோடு பார்த்தால் ரொம்பக் குறைவு. விளைச்சல்? இந்தியாவில் பருத்தியின் சராசரி ஹெக்டேருக்கு 450 கிலோ பஞ்சை ஒட்டித்தான் இருக்கிறது. நல்ல ஹெம்ப் வயலில் நார் மட்டும் ஒரு டன்னைத் தாண்டும். இதில் எதையும் நான் குறைத்துச் சொல்லவில்லை. ஹெம்ப்பின் பெருமை பொய்யில்லை.

மாமா கணக்குப் போட்டார். "மூணு மாசம். களை வெட்டு இல்ல, எடுப்புக் கூலி இல்ல, மிஷின் விட்டு அறுத்துறலாம். இந்தப் பருத்தியில எனக்கு வர்ற காசுல மூணுல ஒரு பங்கு எடுப்புக்கே போயிருது. நல்லாத்தான பாப்பா இருக்கு?"

பாட்டி கஞ்சிச் சட்டியைக் கழுவிக்கொண்டே, "எடுப்பு இல்லைன்னா நாங்க எங்க போக?" என்றார். மாமா பதில் சொல்லவில்லை. நானும்தான். பையரின் பட்டியலில் 'கைவேலை அதிகம்' என்பது பருத்திக்கு ஒரு சிவப்புக் கட்டம்.

தண்ணீர்க் கணக்கையும் சொன்னேன், 2,700 லிட்டர். மாமா மேட்டுக் காட்டைக் காட்டினார். "புரட்டாசிக் கடைசியில விதைச்சேன். ஐப்பசி மழை, கார்த்திகை மழை. அம்புட்டுத்தான். ஒரு சொட்டு கிணத்துத் தண்ணி விடல. இதுல எங்கருந்து வந்துச்சு அம்புட்டு லிட்டர்?"

வானத்திலிருந்துதான் வந்தது. அந்த மாதிரிக் கணக்குகளில் செடி குடிக்கிற மழைத் தண்ணீரும் சேர்த்தி. நிலத்தில் பருத்தி இல்லாமல் கருவேலம் நின்றிருந்தால் அதுவும் குடித்திருக்கும். ஓடைப் பக்கத்துப் பிடி வயலின் கதை வேறு. பத்துப் பன்னிரண்டு நாளைக்கு ஒரு தடவை மோட்டார் ஓடுகிறது, போர் ஒவ்வொரு வருடமும் கீழே போகிறது. அந்தச் சட்டைக்கு எத்தனை லிட்டர் போட்டாலும் நான் சண்டைக்கு வரமாட்டேன். இரண்டும் பட்டியலில் ஒரே கட்டம், 'பருத்தி'. எதிர்க் கட்டத்தில் நிற்கிற ஹெம்ப்போ பிரான்ஸ் மாதிரியான குளிர் நாட்டில் மழையிலேயே விளைந்ததாக இருக்கலாம். பாசனப் பருத்தியையும் மழை ஹெம்ப்பையும் பக்கத்தில் வைத்தால் எது ஜெயிக்கும் என்பதைச் சொல்ல நிபுணர் தேவையில்லை.

மருந்துக் கதையும் அப்படித்தான். 2002இல் பிடி வந்தபோது காய்ப்புழுவுக்கு அடிப்பது நிஜமாகவே குறைந்ததாம். அப்புறம் தத்துப்பூச்சி, வெள்ளை ஈ, மாவுப்பூச்சி என்று சாறு உறிஞ்சுகிறவை வந்தன. இப்போது இளஞ்சிவப்புக் காய்ப்புழு அந்த நஞ்சுக்கே பழகிவிட்டது. இந்த வருடம் ஓடைப் பக்கம் ஆறு தடவை மருந்து. மேட்டில் ஒரே ஒரு தடவை வேப்பெண்ணெய். ஒட்டு ரகம் என்பதால் பிடி விதையை வருடா வருடம் வாங்க வேண்டும். கருங்கண்ணி விதை வீட்டுப் பானையில் இருக்கிறது.

இவ்வளவு கேட்டுவிட்டு, "அப்ப மொத்தத்துக்கும் கருங்கண்ணியே போட வேண்டியதுதானே மாமா?" என்று கேட்டேன். சொல்லியிருக்கக் கூடாது. "ஓடைப் பக்கம் ஏக்கருக்கு எட்டுக் குவிண்டால் வருது. மேட்டுல அரை ஏக்கருக்கு ரெண்டு வந்தா சாமி கும்பிடணும். கமிஷன் கடையில கொண்டுபோனா, இழை குட்டை, நூலுக்கு ஆகாது, மெத்தைக்குத்தான் ஆகும்னு விலையை அறுப்பான். உங்க மில்லுக்காரன் வாங்குவானா, நீ சொல்லு?"

வாங்கமாட்டார்கள். எனக்குத் தெரியும். நீள இழை கேட்டு ஆர்டர் போடுகிறவளே நான்தான்.

நாள் 3, சனி, அதே ஊர்

விரல் நுனியெல்லாம் எரிச்சல். போனில் தட்டுவது கஷ்டமாக இருக்கிறது, சுருக்கமாக எழுதுகிறேன்.

காலையில் காந்தி நிகேதன் ஆசிரமம். 1940இல் தொடங்கியது. ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் தங்கியது இங்கேதான். லண்டனில் கணக்குத் தணிக்கை படித்துவிட்டு, காந்தியோடு சேர்ந்து கிராமக் கைத்தொழில்களுக்குக் கணக்குப் பார்த்தவர். 1960 ஜனவரி 30, காந்தி இறந்த அதே தேதியில் போய்ச் சேர்ந்தார். 'சஸ்டெயினபிள்' என்ற சொல்லை வைத்து இன்றைக்கு எங்கள் தொழிலே ஓடுகிறது. அந்தச் சொல் புழக்கத்துக்கு வருமுன்பே அவர் நிலைக்கிற பொருளாதாரம் என்று பேசியவர். நிலக்கரி, எண்ணெய் மாதிரி இருப்பிலிருந்து எடுத்துத் தீர்ப்பது ஒரு வகை. ஓடி வருகிறதில் நம் பங்கை எடுத்துக்கொள்வது இன்னொரு வகை என்று பிரித்தார். நேற்றுப் பார்த்த இரண்டு வயலும் எனக்கு இப்போதுதான் ஒழுங்காகப் புரிந்தன. போர்வெல் இருப்பு, ஐப்பசி மழை வரத்து. கணக்குப் பிள்ளை என்றால் இவரை மாதிரி இருக்க வேண்டும். என் பையருக்கு அவர் முகவரி இல்லாமல் போச்சு.

மத்தியானம் கண்மாய்க் கரையில் மாமாவோடு உட்கார்ந்திருந்தேன். அவர் சின்னப் பையனாக இருந்தபோது வீட்டில் கயிறு திரிக்கச் சணப்பு போடுவார்களாம். "அறுத்துக் கட்டுக் கட்டா இந்தத் தண்ணியில அமுக்கி, மேல கல்லை வச்சிருவோம். எட்டு நாள், பத்து நாள் கெடக்கும். அப்புறம் எடுத்து அடிச்சு உரிச்சா பட்டை நார் தனியா வந்துரும். அந்தப் பத்து நாளும் இந்தப் பக்கம் வர முடியாது பாப்பா, அம்புட்டு நாத்தம். கெண்டை செத்து மிதக்கும்."

ஹெம்ப்பிலும் இதே மாதிரி வேலைதான். பருத்தியில் நார் விதையின் மேலேயே பஞ்சாகப் பூத்து நிற்கிறது, கொட்டையை நீக்கினால் போதும். ஹெம்ப்பில் அது தண்டின் பட்டைக்குள் பசையால் ஒட்டிக் கிடக்கிறது. அந்தப் பசையை நுண்ணுயிர் தின்று தீர்க்க வேண்டும். ஒன்று, தண்ணீரில் ஊறப்போட வேண்டும். இல்லை, ஐரோப்பாவில் செய்கிற மாதிரி அறுத்த தண்டை வயலிலேயே பரப்பிவிட்டு, வாரக்கணக்கில் பனியிலும் மழையிலும் நனைய விட வேண்டும். அதற்குப் பிறகும் சாயத்துக்கும் மெல்லிய நூலுக்கும் ஆக வேண்டுமானால் காரத்தில் வேகவைத்துப் பருத்தி மாதிரி குட்டை இழையாக ஆக்குகிறார்கள். சாயக் கழிவால் நொய்யல் பட்ட பாட்டைப் பார்த்த ஊர்க்காரி நான். 'ஹெம்ப்புக்குத் தண்ணீர் குறைவு' என்ற பச்சைக் கட்டம் வயலோடு நின்றுவிடுகிறதோ என்று எனக்கு இப்போது சந்தேகம்.

பனியில் போட்டால் ஆகாதா என்று மாமாவைக் கேட்டேன். "மாசிப் பனி மச்சைத் துளைக்கும்பாங்க. ஒம்பது மணிக்கு மேல தேடுனாலும் ஈரம் கிடைக்காது. தண்டு அழுகாது, விறகாத்தான் ஆகும்." கண்மாயில் இப்போதே தண்ணீர் முட்டளவுதான். மாடு குடிக்க, துணி துவைக்க, ஆடி வரைக்கும் தாங்க வேண்டிய தண்ணீர். வருடத்துக்குச் சுமார் 850 மில்லிமீட்டர் மழை பெய்கிற மாவட்டத்தில், கண்மாயை நாற வைக்கிற பயிரை எந்த ஊர்க் கூட்டத்தில் சம்மதிக்க வைப்பது?

மண்ணும் இடிக்கிறது. ஹெம்ப் ஆழமான, தண்ணீர் வடிகிற வண்டல் பாங்கான நிலம் கேட்கும், தழைச்சத்தும் நிறையக் கேட்கும். கரிசல் களி. கார்த்திகையில் இரண்டு நாள் தண்ணீர் கட்டி நிற்பது இங்கே சகஜம்.

ஆனால் நான் எதிர்பார்க்காத காரணம் சாயங்காலம்தான் கிடைத்தது. மொட்டை மாடியில் பாய் விரித்துப் படுத்திருந்தோம். மணி ஆறரை, சூரியன் மேற்கு மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. அங்கே வெளிநாட்டில் ஜூன் மாதம் ராத்திரி ஒன்பதரைக்கும் வெளிச்சம் இருக்கும் என்று ஏதோ பேச்சுவாக்கில் சொன்னேன். "இங்க சித்திரையானாலும் மார்கழியானாலும் ஆறுக்கு முன்னப்பின்ன விடியும், ஆறுக்கு முன்னப்பின்ன இருட்டும்" என்றார் மாமா.

எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ஹெம்ப் பகல் பொழுதை அளந்து வளர்கிற செடி. பகல் நீளமாக இருக்கிறவரை தண்டு நெட்டையாகப் போகும், பகல் குறைய ஆரம்பித்ததும் பூக்கும். பூத்துவிட்டால் வளர்த்தி நின்றுபோகும். நார் என்பதே தண்டின் உயரம்தான். ஐரோப்பிய ரகங்கள் பதினைந்து, பதினாறு மணி நேரக் கோடைப் பகலுக்குப் பழகியவை. மதுரையில் வருடத்திலேயே நீளமான பகலும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்தைத் தாண்டாது. அந்த விதையை இங்கே போட்டால், பகல் குறைந்துவிட்டது என்று எண்ணி, குட்டையிலேயே பூத்துவிடும். இரண்டு ஆள் உயரம் என்று நேற்று அளந்தேனே, அது இந்த வானத்துக்குக் கீழே இல்லை. வெப்பநாட்டுப் பகலுக்கு ஏற்ற ரகங்களும் உண்டு. ஆனால் எது இங்கே நெட்டையாக வரும் என்று வயலில் போட்டுப் பார்க்கவே உரிமம் வேண்டும்.

மாமாவிடம் சொன்னேன். "அப்ப அது நம்ம ஊர்ச் செடி இல்ல" என்று திரும்பிப் படுத்துவிட்டார்.

நாள் 4, ஞாயிறு, செல்லூர், அப்புறம் பேருந்து

மாமா கிளம்பும்போது பத்துக் கருங்கண்ணிச் சுளையை ஒரு மஞ்சள் பையில் போட்டுக் கொடுத்தார். விதையோடு.

பெரியம்மா வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு கைத்தறிக்காரர், எழுபதைத் தாண்டியவர். பெரியம்மா அவரை அண்ணே என்பார், அதனால் எனக்கு மாமா. சுற்றிலும் பவர்லூம் சத்தம், இவர் வீட்டில் மட்டும் ஒரு குழித்தறி. ஹெம்ப் துண்டைக் கொடுத்தேன். ஓரத்தில் ஒரு நூலைப் பிரித்து எடுத்தார். எச்சில் தொட்டு முறுக்கவிழ்த்தார். இழையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "இது பஞ்சு இல்லம்மா, நார். ஊடே பஞ்சு கலந்திருக்கான். நடுவுல நடுவுல முண்டு இருக்கு பாரு."

நான் லேபில் கொடுத்து ரிப்போர்ட் வாங்க நான்கு நாள் காத்திருந்தேன்.

இதைத் தறியில் போடலாமா என்று கேட்டேன். "பாவுக்கு ஆகாது. பாவு இழுபடும், நெகிழ்ந்து குடுக்கணும். இது குடுக்காது, பட்டுனு அறும். ஊடைக்குப் போடலாம். பாவு பருத்தி, ஊடை இது. ஜமுக்காளம், திரைச்சீலை மாதிரி நெய்யலாம், நல்லா உழைக்கும்." பாவு தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டிய நூல், ஊடை குறுக்கே ஓடுவது. பிறகு மஞ்சள் பையைப் பார்த்தார். ஒரு சுளையை எடுத்து, கொட்டையைக் கையாலேயே உருவித் தள்ளி, விரலில் திரித்து ஒரு சாண் நூல் இழுத்துக் காட்டினார். "குட்டை இழைதான். இருபதாம் நம்பர் வரைக்கும் தாராளமா வரும். நீங்கள்லாம் நாப்பது, அறுபதுன்னு கேட்டா எப்படி வரும்?"

நம்பர் ஏற ஏற நூல் மெல்லிசு. இருபதாம் நம்பர் என்றதும் ஒரு பொறி தட்டியது. ஸ்வெட்ஷர்ட்டின் உள்பக்கத்தில் சுருள் சுருளாக ஒரு நூல் ஓடுமே, அது பத்தாம் நம்பர், பதினாறாம் நம்பர், மிஞ்சினால் இருபது. முகத்துப் பக்கம்தான் மெல்லிய நூல். அந்த உள்நூலுக்கு நீள இழைப் பஞ்சை நாங்கள் வீணடிக்கிறோம் என்றுகூடச் சொல்லலாம். குட்டை இழை அங்கே போதும். அந்த பையர் வருடா வருடம் எங்களிடம் எடுப்பதே ஸ்வெட்ஷர்ட்தான்.

உடனே இன்னொரு கணக்கும் வந்து தலையில் தட்டியது. கல்லுப்பட்டி மாமாவின் இரண்டு குவிண்டாலை அரைத்துக் கொட்டையை நீக்கினால் எழுபது கிலோ பஞ்சு தேறுவதே பெரிது. ஒரு பொதிக்கு 170 கிலோ. அரைப் பொதிகூட இல்லை. மில்லில் ஒரு லாட் ஓட்டப் பொதிகளை எண்ணிக் கேட்பார்கள். கல்லுப்பட்டி, பேரையூர்ப் பக்கம் இப்படி மேட்டுக் காடு வைத்திருப்பவர்கள் எத்தனை பேர், யார் சேர்த்து வாங்குவது, விலையை முதலிலேயே பேசாமல் யார் விதைப்பார்? புரட்டாசிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது.

பதிலைப் போனிலேயே அடித்தேன். ஒரு பக்கம் கேட்டார்கள், அரைப் பக்கம்தான் வந்தது. உங்கள் பட்டியலில் பருத்தி என்று எழுதியிருப்பது எந்தப் பருத்தி, மழையா போரா? ஹெம்ப் நூல் எந்த வயலிலிருந்து வருகிறது, எந்தத் தண்ணீரில் ஊறியது? டி-ஷர்ட்டில் 55 பங்கு ஹெம்ப் எங்கள் மெஷினில் ஓடாது, நெய்த துணியில் ஊடையாக வேண்டுமானால் செய்து பார்க்கலாம். ஸ்வெட்ஷர்ட்டின் உள்நூலுக்கு மானாவாரி நாட்டுப் பருத்தி முயன்று பார்க்க விருப்பமா? விருப்பமென்றால் ஆகஸ்டுக்குள் சொல்ல வேண்டும், அக்டோபர் நடுவில் விதைத்துவிடுவார்கள். இது சாம்பிள் ரூமில் ஒரு வாரத்தில் ஆகிற காரியம் இல்லை. முதலாளிக்கு அனுப்பிவிட்டேன். நீலக் குறி விழுந்துவிட்டது, பதில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை.

பையைக் கட்டும்போது ஹெம்ப் துண்டைக் காணோம். நெசவுக்கார மாமா வீட்டில் விட்டுவிட்டேனா என்று ஓடப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து பெரியம்மா கூப்பிட்டார். கொதிக்கிற பால் பாத்திரத்தை அந்தத் துண்டால் பிடித்து இறக்கிக்கொண்டிருந்தார்.

"சூடே ஏறலைடி. இன்னொண்ணு இருந்தா அனுப்பிவிடு."